ஸ்பெயார் பாட்ஸ் கடைக்கு ஒரு தமிழ் பொட்: வாடிக்கையாளர் எழுதும் தமிழைக் கணினிக்குப் பழக்கும் முழுமையான வழிகாட்டி

பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றின் வட்ஸ்அப்பைத் திறந்தால் தமிழ் வரும், சிங்களம் வரும், ஆங்கில எழுத்தில் தமிழ் வரும், வொயிஸ் வரும், உடைந்த பஃபரின் படம் வரும். அதில் பாதிக்குமேல் ஒரே மாதிரிக் கேள்விகள். அவற்றுக்குத் தானாகப் பதில் சொல்லவும் மீதியை ஆளிடம் ஒப்படைக்கவும் ஒரு பொட் செய்வதற்கான படிகள் இவை. பைதன் நிரல்மொழி ஓரளவு தெரிந்தால் போதும். கடை வேறாக இருந்தாலும் வரிசை மாறாது.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் மென்பொருளை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு "வாடிக்கையாளர் இப்படித்தான் கேட்பார்" என்று தாங்களே வாக்கியங்களை எழுதிக் கணினிக்குப் பழக்குகிறார்கள். வேலை கெடுவது அங்கேதான். கடைக்கு உண்மையில் வந்த மெசேஜ்களே முதலில் வேண்டும். மென்பொருள் ஐந்தாம் படியில்தான் வருகிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கடைக்கு ஏற்கெனவே வந்த மெசேஜ்கள் குறைந்தது 500. சாமான், பொருந்தும் வாகனம், விலை, இருப்பு ஆகியவை உள்ள எக்செல் தாள் ஒன்று. பைதனும், உதாரணங்களால் கணினியைப் பழக்க உதவும் சைக்கிட் லேர்ன் நூலகமும் உள்ள சாதாரண மடிக்கணினி. இவற்றோடு, பொட் கைவிடும் மெசேஜைப் பார்த்துப் பதில் சொல்ல கடையில் ஓர் ஆள். அந்த ஆள் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

வட்ஸ்அப்பில் இணைக்கப் போனில் உள்ள பிஸ்னஸ் ஆப் போதாது. நிரலோடு இணைக்கக்கூடிய பிஸ்னஸ் பிளாட்ஃபோம் வேண்டும். அதற்கான பதிவை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். ஆவணச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்க நீங்கள் மற்றப் படிகளைச் செய்யலாம்.

எக்செல் தாளை ஒருமுறை கடை முதலாளியோடு உட்கார்ந்து பாருங்கள். விலை பழையதாக இருந்தால் பொட் பழைய விலையைத்தான் வேகமாகச் சொல்லும்.

2. மெசேஜ்களைத் திரட்டுங்கள்

வட்ஸ்அப்பில் ஒவ்வொரு உரையாடலையும் எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். வாடிக்கையாளர் எழுதியதை மட்டும் எடுங்கள். கடைக்காரரின் பதில் கணினியைப் பழக்குவதற்குத் தேவையில்லை, எட்டாம் படிக்குத் தனியாக வையுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். "ஹெட்லைட்", "ஹெட்லயிட்", "எட்லைட்" மூன்றும் அப்படியே இருக்கட்டும். நாளைக்கும் அவர்கள் அப்படித்தான் எழுதப் போகிறார்கள்.

கொழும்பில் ஒரே கேள்வி மூன்று நான்கு தமிழில் வரும். வெள்ளவத்தையிலிருந்து "இண்டைக்கு", கொட்டாஞ்சேனையிலிருந்து "இன்னைக்கி", மருதானைப் பக்கமிருந்து "இண்டக்கி" என்று வரும். திரட்டிய மெசேஜ்கள் ஒரு வகையினருடையதாக மட்டும் இருந்தால் மற்றவர்களுக்குப் பொட் திருதிருவென்று விழிக்கும். குறைந்தது மூன்று மாதத்து மெசேஜ்களை எடுப்பது இதற்காகவும்தான்.

அடையாளம் காட்டும் விவரங்களை, அடுத்த படியில் வரும் பெயரிடும் வேலைக்கு முன்பே நீக்கிவிடுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம் உங்கள் மடிக்கணினியில் கிடக்க வேண்டியதில்லை. கைபேசி எண் 07 இல் தொடங்கும் 10 இலக்கம் அல்லது 94 இல் தொடங்கும் வடிவம். பழைய அடையாள அட்டை 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். புதியது 12 இலக்கம். இவற்றைப் பைதன் வரி ஒன்றால் பிடித்து "எண்" என்று மாற்றிவிடலாம். ஆட்களின் பெயரைக் கண்ணால் பார்த்துத்தான் நீக்க வேண்டும்.

3. எதற்காக எழுதுகிறார்கள் என்று பிரியுங்கள்

ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு நோக்கத்தின் பெயரைக் கொடுங்கள். இந்தக் கடைக்குப் 12 போதும்: சாமான் விசாரணை, கடை நேரம், இடம், டிலிவரி, பொருத்தித் தருதல், ஓர்டர் நிலை, மாற்றுதல், முறைப்பாடு, வங்கிக் கணக்கு, வணக்கமும் நன்றியும், ஆளோடு பேச வேண்டும், மற்றவை.

பிரிப்பதற்கு விதி ஒன்றுதான்: பதில் வேறானால் நோக்கமும் வேறு. "அக்வா சைட் மிரர் இருக்கா", "அக்வா சைட் மிரர் எவ்வளவு" இரண்டுக்கும் தாளில் ஒரே வரியைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறோம். ஆகவே இரண்டும் சாமான் விசாரணை. இவற்றை இரண்டாகப் பிரிப்பவர்கள் பிறகு இரண்டுக்கும் இடையில் கணினி தடுமாறுவதைச் சரிசெய்வதிலேயே நாளைக் கழிக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில், ஒரே சொல் இரண்டு நோக்கங்களில் வரும். "எத்தினை மணிக்குப் பூட்டுவீங்க" என்பது கடை நேரம். "வாங்கினா பூட்டித் தருவீங்களா" என்பது பொருத்தித் தருதல். "பூட்டு" என்ற சொல்லைப் பிடித்துப் பதில் சொல்லும் விதி எழுதினால் இரண்டில் ஒருவர் கட்டாயம் தவறான பதிலைப் பெறுவார். சொல்லைப் பிடிக்கும் விதிகளை விட்டுவிட்டு உதாரணங்களால் பழக்குவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு நோக்கத்துக்குக் குறைந்தது 30 மெசேஜ் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் அந்த நோக்கத்தை இப்போதைக்கு "மற்றவை"க்குள் போடுங்கள். "மற்றவை"யை வெறுமையாக விடாதீர்கள்: விளம்பரம், தவறான நம்பருக்கு வந்தது, காலை வணக்கப் படத்தோடு வரும் வாசகம் எல்லாம் அதற்குள் வேண்டும். இல்லாவிட்டால் இவை ஏதாவதொரு நோக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

4. எழுத்தைச் சுத்தம் செய்யுங்கள்

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வெவ்வேறாக இருக்கலாம். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் முறையில் உள்ள என்எஃப்சி ஒழுங்காக்கம் இதைச் சரிசெய்யும். பைதனில் ஒரு வரி. இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்; பழக்கும்போது செய்துவிட்டு, ஓடும்போது வரும் மெசேஜுக்குச் செய்ய மறப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே செயல்கூற்றை அழையுங்கள்.

என்எஃப்சி சரிசெய்யாதவையும் உண்டு. ஔகாரக் குறிக்குப் பதிலாக கொம்பும் "ள" எழுத்தும் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். காலுக்குப் பதில் "ர" தட்டுபவர்களும் உண்டு. இவற்றுக்குச் சிறிய மாற்றுப் பட்டியலொன்றைக் கையால் எழுத வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகல எழுத்துகளை நீக்கச் சொல்லி இணையத்தில் நிறைய அறிவுரை கிடைக்கும். தமிழ் மெசேஜில் நீக்கலாம். சிங்கள மெசேஜில் அவற்றில் ஒன்றான பூச்சிய அகல இணைப்பியைத் தொடாதீர்கள். "ஸ்ரீ" போன்ற கூட்டெழுத்துகளுக்குச் சிங்களத்தில் அது தேவை. ஆகவே முதலில் எழுத்து எது என்று பாருங்கள். யுனிகோடில் தமிழ் எழுத்துகளின் குறியீட்டு எண்கள் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையும், சிங்களத்தின் எண்கள் 0டி80 முதல் 0டிஎஃப்எஃப் வரையும் இருக்கின்றன. சிங்கள எழுத்தில் வந்ததைத் தமிழ் பொட்டிடம் கொடுக்காமல் நேரே ஆளுக்கு அனுப்புங்கள். சிங்களத்துக்கு இதே படிகளில் வேறொன்று செய்யலாம்.

ஆங்கில எழுத்தில் எழுதியது தமிழா சிங்களமா என்று பிரிக்க, அடிக்கடி வரும் 30, 40 சொற்களின் பட்டியல் போதும். "இருக்கா", "எவ்வளவு", "வேணும்" ஒரு பக்கம். "தியெனவத", "கீயத", "ஓன" மறு பக்கம். ஆங்கில எழுத்துத் தமிழைத் தமிழ் எழுத்துக்கு மாற்ற முயல வேண்டாம். ஒருவர் "த"வுக்கு ஓர் எழுத்துப் போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார், நெடிலைச் சிலர் இரட்டிப்பார்கள், சிலர் விடுவார்கள். மாற்றும்போது விழும் பிழை அடுத்த படியில் பெரிதாகும். தமிழ் எழுத்தில் வந்ததையும் ஆங்கில எழுத்தில் வந்த தமிழையும் அப்படியே பழக்கும் மெசேஜ்களில் சேர்த்துவிடுங்கள்.

யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டி ஒட்டிய மெசேஜ் எப்போதாவது வரும். அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். அரைப்புள்ளி மிகுந்திருந்தால் பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் கருவியொன்றினூடாகச் செலுத்துங்கள்.

5. பழக்குதல்: இயல்புநிலை அமைப்பை நம்பாதீர்கள்

சைக்கிட் லேர்னில் சொற்களை எண்ணும் கருவியை அப்படியே தமிழுக்குப் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. பொட் மட்டும் மக்காக இருக்கும். அந்தக் கருவி, பைதன் "எழுத்து" என்று கருதும் குறிகள் குறைந்தது இரண்டு அடுத்தடுத்து வந்தால்தான் அதைச் சொல்லாக எடுக்கும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் பைதனின் கணக்கில் எழுத்து அல்ல. ஆகவே அவை வரும் இடமெல்லாம் சொல் வெட்டுப்படும்.

"ஹெட்லைட் விலை என்ன" என்ற மெசேஜை எடுங்கள். "ஹெட்லைட்" முழுவதும் தனித்தனி எழுத்துகளாகச் சிதறி விழுந்துவிடும். "விலை"யும் அப்படியே. "என்ன" என்பதிலிருந்து "என" மட்டும் மிஞ்சும். மூன்று சொல் கேள்வியில் கணினிக்குக் கிடைப்பது "என". இதை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஒன்று, சொல் எல்லைக்குள் நிற்கும் எழுத்துத் துண்டுகளை எண்ணும் முறைக்கு மாற்றி, நீளத்தை 2 முதல் 5 வரை வையுங்கள். இம்முறை இடைவெளியை மட்டும் பார்த்து வெட்டுவதால் குறிகள் தப்பும். அதோடு "அக்வாவுக்கு", "அக்வாக்கு", "அக்வாட" எல்லாவற்றிலும் "அக்வா" என்ற துண்டு பொதுவாக இருக்கும். வேற்றுமை உருபைப் பிரிக்கத் தனிக் கருவி தேவைப்படாது. இரண்டு, உச்சரிப்புக் குறி நீக்கும் தெரிவை முடக்கியே வையுங்கள். அது தமிழ்ப் புள்ளியைத் தின்றுவிடும்.

மெசேஜை நோக்கங்களாக வகைப்படுத்த லொஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய முறை போதும். நோக்கங்களின் எண்ணிக்கை சமமாக இராது என்பதால் வகுப்பு எடையைச் சமப்படுத்தும் தெரிவைப் போடுங்கள். 500 மெசேஜுக்குச் சில விநாடிதான் எடுக்கும். இந்த அளவு தரவுக்கு நரம்பு வலையமைப்பு எதுவும் தேவையில்லை.

6. விவரங்களைக் கேட்டு நிரப்புங்கள்

நோக்கம் தெரிந்தால் மட்டும் விலை சொல்ல முடியாது. சாமான் விசாரணைக்கு நான்கு விவரம் வேண்டும்: வாகனம், செஸி குறியீடு, பாகம், பக்கம். ஒரிஜினலா, டூப்ளிகேட்டா, ரீகண்டிஷனா என்று கேட்க வேண்டாம். மூன்றின் விலையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அவர் தெரிவு செய்வார்.

வாகனத்தின் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டு எடுங்கள். ஓரெழுத்துப் பிழையை ஏற்கும் வசதி நல்லதுதான், ஆனால் "ஆல்டோ"வும் "ஆட்டோ"வும் ஓரெழுத்து வித்தியாசம். கார் கேட்டவருக்கு முச்சக்கரவண்டியின் விலை போகும். பிழை ஏற்பதை நீண்ட பெயர்களுக்கு மட்டும் வைத்து, இப்படிக் குழம்பும் சோடிகளைக் கையால் விலக்குங்கள்.

ஆண்டை நம்பிச் சாமான் கொடுக்கக் கூடாது. "2018 வாகன் ஆர்" என்று எழுதுபவர் சொல்வது பெரும்பாலும் இலங்கையில் பதிந்த ஆண்டு. ஜப்பானில் செய்த ஆண்டு வேறாக இருக்கலாம். வாகன் ஆர் 2017 இல் ஜப்பானில் உருவமே மாறியது. எம்எச் 44 என்ற செஸி குறியீடுள்ள பழைய உருவத்தின் ஹெட்லைட், எம்எச் 55 என்ற புதிய உருவத்துக்குப் பொருந்தாது. ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள செஸி நம்பரின் முதல் பகுதியை அனுப்புங்கள்." முழு நம்பரையும் கேட்க வேண்டாம். முதல் பகுதியே மாடலைச் சொல்லிவிடும்.

பக்கம் கேட்பதில்தான் அதிகம் சாமான் திரும்பி வரும். "இடதா வலதா" என்று கேட்டால், வாகனத்தின் முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது தலைகீழ். "ட்ரைவர் பக்கமா, மற்றப் பக்கமா?" என்று கேளுங்கள். இலங்கையில் ட்ரைவர் பக்கம் வலதுதான். அதை வலது என்று மாற்றுவது நிரலின் வேலை.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. முன்பே சொன்னதைத் திரும்பக் கேட்கக் கூடாது. மூன்று கேள்விக்குப் பிறகும் விவரம் முழுமையாகவில்லை என்றால், கிடைத்ததை எல்லாம் சேர்த்து ஆளிடம் கொடுங்கள். வாடிக்கையாளர் நடுவில் "டிலிவரி இருக்கா" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இதற்காக நிரப்பிய விவரங்களை அந்த எண்ணின் பெயரில் 24 மணித்தியாலம் வைத்திருங்கள்.

எண்களைப் பிரிக்கும் வரிசை முக்கியம்: முதலில் கைபேசி எண், பிறகு செஸி, பிறகு ஆண்டு, கடைசியில் விலை. தலைகீழாகச் செய்தால் கைபேசி எண்ணின் ஒரு துண்டு விலையாகிவிடும். "15000", "15,000", "15 ஆயிரம்" மூன்றும் ஒன்று என்றும் நிரலுக்குச் சொல்லிவிடுங்கள்.

டிலிவரி இடங்களுக்கும் மாற்றுப்பெயர்ப் பட்டியல் வேண்டும். கொட்டாஞ்சேனை, கொட்டஹேன, கொழும்பு 13 மூன்றும் ஓரிடம். கறுவாத்தோட்டம், குருந்துவத்த, கொழும்பு 7 ஓரிடம். கொம்பனித்தெரு, ஸ்லேவ் ஐலண்ட், கொழும்பு 2 ஓரிடம். தேடும்போது நீண்டதை முதலில் தேடுங்கள்; இல்லாவிட்டால் "கொழும்பு 13" இல் "கொழும்பு 1" அகப்பட்டு, கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டியது கொழும்பு 1 ஆன கோட்டைக்குப் போகும்.

7. புரியாதபோது என்ன செய்வது

ஐந்தாம் படியில் பழக்கிய வகைப்படுத்தும் நிரல் எப்போதும் ஏதோ ஒரு நோக்கத்தைச் சொல்லும். தெரியாது என்று தானாகச் சொல்லாது. ஒவ்வொரு நோக்கத்துக்கும் அது 0 முதல் 1 வரை தரும் நம்பிக்கை அளவைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 12 நோக்கம், கொஞ்சத் தரவு என்றால், சரியான பதிலுக்கும் அளவு 0.4 அளவில் நிற்பது சகஜம். 0.8 என்று எல்லை வைத்தால் பொட் வாயே திறக்காது. முதலாவதாக வந்த நோக்கத்தின் அளவுக்கும் இரண்டாவதன் அளவுக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்துப் பாருங்கள். இடைவெளி சிறியதானால் அந்த இரண்டையும் பொத்தானாகக் காட்டி அவரையே கேளுங்கள்.

வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜில் 3 பொத்தான் வரை போடலாம், ஒவ்வொன்றிலும் 20 குறிகள் வரை. தமிழில் "கொ" என்பதே இரண்டு குறி. "கடை நேரம்", "விலை", "ஆளோடு பேச" போன்று சுருக்கமாக வையுங்கள்.

இரண்டாவது தடவையும் புரியாவிட்டால் ஆளுக்கு. "மன்னிக்கவும், புரியவில்லை" என்று மூன்றாவது தடவை படித்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். வொயிஸ், படம், முறைப்பாடு மூன்றும் கேள்வியில்லாமல் நேரே ஆளுக்குப் போகட்டும்.

வாடிக்கையாளரின் கடைசி மெசேஜிலிருந்து 24 மணித்தியாலத்துக்குள்தான் நீங்கள் விரும்பியபடி எழுதலாம். அதன்பின் முன்கூட்டி அனுமதி பெற்ற வார்ப்புரு மெசேஜ் மட்டுமே. சனி இரவு ஆளிடம் ஒப்படைத்தது, ஞாயிறு பூட்டு, திங்கள் போயா விடுமுறை என்றால் செவ்வாய் காலை அந்தக் கதவு மூடியிருக்கும். "உங்கள் கேள்விக்குப் பதில் தயார், தொடரலாமா?" என்ற வார்ப்புரு ஒன்றுக்கு முன்பே அனுமதி வாங்கி வையுங்கள்.

8. பதில்களை எழுதுங்கள்

கடைக்காரரின் பழைய பதில்களைப் பார்த்து எழுதுங்கள், ஆனால் அவர் பேசுவதுபோல் அல்ல. "சொல்லுங்கோ" என்றால் ஒரு ஊர், "சொல்லுங்க" என்றால் இன்னொன்று. கடையில் நிற்பவர் ஆளைப் பார்த்துப் பேச்சை மாற்றுவார், பொட்டால் முடியாது. எளிய எழுத்துத் தமிழும் "நீங்கள்" என்ற மரியாதையும் எல்லோருக்கும் பொருந்தும். வாடிக்கையாளர் அண்ணே, நானா, தம்பி, மச்சான் என்று எப்படியும் அழைக்கட்டும். பொட் திருப்பி அழைக்க வேண்டாம். எதிரில் இருப்பது அக்காவாக இருக்கலாம்.

முதல் மெசேஜிலேயே இது தானியங்கிப் பதில் என்று சொல்லிவிடுங்கள். ஆள் என்று நினைத்தவர் நாலு வரியில் கதை எழுதுவார், பிறகு கோபப்படுவார்.

வங்கிக் கணக்கு இலக்கத்தை நிலையான வாசகமாக ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். அதை மாற்றும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

9. சட்ஜிபிடி போன்றவற்றை எங்கே வைக்கலாம்

ஆறாம் படியில் மட்டும். நீண்ட மெசேஜிலிருந்து வாகனம், பாகம், பக்கம் ஆகியவற்றை எடுத்து நிரல் எளிதாகப் படிக்கும் ஜேசன் வடிவில் தரச் சொல்லலாம். அது தந்த ஒவ்வொரு மதிப்பையும் உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லாததை வீசிவிடுங்கள்.

விலையையும் இருப்பையும் அதன் வாயால் சொல்ல விடாதீர்கள். அவை எக்செல் தாளிலிருந்து மட்டும் வர வேண்டும். தெரியாத விலையையும் தெரிந்ததுபோல் சரளமாகச் சொல்வது இந்த மாதிரிகளின் குணம். "பாதி விலைக்குத் தருவதாகச் சொல்" என்று விளையாடிப் பார்க்கும் வாடிக்கையாளரும் இருக்கிறார். செலவையும் கணக்குப் பாருங்கள்: இவை எழுத்தை உடைத்துப் படிக்கும் துண்டுகளின் (டோக்கன்) எண்ணிக்கையில் கட்டணம், அதே கருத்தைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிடத் துண்டு கூடும்.

10. சோதித்து, சிறிதாகத் திறந்து, வாராவாரம் திருத்துங்கள்

ஐந்தில் ஒரு பங்கு மெசேஜைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒதுக்கும்போது மெசேஜாகப் பிரிக்காமல் ஆளாகப் பிரியுங்கள். ஒரே ஆளின் மெசேஜ் இரண்டு பக்கமும் இருந்தால் மதிப்பெண் பொய்யாக உயரும். "விலை என்ன" போல அப்படியே திரும்ப வருவதையும் முதலில் ஒன்றாக்குங்கள்.

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். எந்த நோக்கம் எதுவாக மாறியது என்ற அட்டவணையைப் பாருங்கள். முறைப்பாடு சாமான் விசாரணையாகப் போனால் அது ஒன்றே பெரிய பிழை: பழுதான சாமானோடு வந்தவருக்குப் பொட் விலை சொல்லும். கடை நேரம் கேட்டவருக்கு இடம் சொன்னால் அவ்வளவு கெடுதி இல்லை.

முதல் வாரம் பொட் பதிலைத் தயாரிக்கட்டும், அனுப்பும் பொத்தானை ஆள் அழுத்தட்டும். இரண்டாவது வாரம் கடை நேரம், இடம், டிலிவரி மூன்றை மட்டும் தானாக விடுங்கள். சாமான் விசாரணை கடைசியில்.

வெள்ளிக்கிழமைதோறும் அரை மணித்தியாலம் ஒதுக்கி, பொட் ஆளிடம் ஒப்படைத்த மெசேஜ்களையும், பொட் பதில் சொன்ன பின்பும் வாடிக்கையாளர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்ட இடங்களையும் பாருங்கள். இரண்டாவது வகைதான் முக்கியம், ஏனென்றால் அங்கே பொட் தனக்குப் புரிந்ததென்று நினைத்துக்கொண்டிருந்தது. அந்த மெசேஜ்களுக்குச் சரியான நோக்கத்தைக் கொடுத்து பழக்கக் கோப்பில் சேருங்கள். சோதனைக் கோப்பில் உள்ளவற்றைத் தவறியும் அதற்குள் சேர்க்காதீர்கள். புதிய மாடல் ஒன்று சந்தைக்கு வந்தால் எக்செல் தாளில் வரி சேர்க்கும் அன்றே வாகனப் பட்டியலிலும் அதன் பெயரை, மக்கள் எழுதும் நாலு விதத்திலும் சேர்த்துவிடுங்கள்.